என் பூச்சடைப் படத்தைத் தேடி

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியபோது என் கையில் ஒரு தோல்பெட்டியும், மனத்தில் ஒரு குற்றம் செய்யும் எண்ணமும் இருந்தன. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன் எடுத்த ஒரு புகைப்படத்தைக் கண்டுபிடித்து, யாரும் பாராமல் கிழித்துவிட வேண்டும் என்பதே அந்த எண்ணம்.

கும்பகோணத்தில் நெடுங்காலம் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அறுபது நிறைவதை முன்னிட்டுப் பழைய மாணவர்கள் ஒரு மலர் வெளியிட ஏற்பாடு செய்தார்கள். மலர்க் குழுவின் காரியதரிசி நடேசன் மிகுந்த சுறுசுறுப்புள்ளவன். வகுப்பில் அதை ஒருநாளும் வெளிக்காட்டியதில்லை. என் சிறுவயதுப் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் என் தமக்கையாரிடம் போய்க் கேட்டான்.

“ஏன் இல்லை? அஞ்சு வயசிலே வேலூர்ல நாயுடு ஸ்டுடியோவிலே எடுத்தோமே. தாலுக்கா குமாஸ்தாவா இருந்த அப்பாவுக்கு மாத்தலாகி, படத்தை வாங்காமலே ஊரை விட்டு வந்துட்டோம். கண்ணு பட்டுடும், அவ்வளவு லட்சணமா இருந்தான்” என்று அவர் சொல்லிவிட்டார். நான் என்ன உடையில் இருந்தேன் என்பதைச் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லத்தக்க விஷயமாகவே தோன்றவில்லை. நடேசன் அன்றே வேலூருக்குக் கடிதம் எழுதிவிட்டு, பிறகு எனக்குத் தகவல் தெரிவித்தான்.

வாசகர்களிடம் நான் அதை மறைப்பதற்கில்லை. ஆண் குழந்தைக்கு முதல் முடி இறக்குவதற்கு முன், வளர்ந்திருக்கும் கூந்தலை வீணாக்கலாகாது என்று, பின்னிப் பூத்தைத்து, பாவாடை உடுத்தி, வளையல் மாட்டி, பெண்ணாக அலங்கரித்துப் பார்ப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். திருத்தணிக்குப் புறப்படுமுன் எனக்கும் அது நடந்தது. என் தாயார் அதோடு நிற்காமல் ஸ்டுடியோவுக்கும் அழைத்துப் போனார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தின் சரித்திரம் அறியாதவர்கள். ஆண் பிள்ளைகள் ஸ்திரீ வேஷம் கட்டுவது ஒழுக்கத்துக்குக் கேடு என்று சுற்றறிக்கை விட்டவன் நான். அதன் பிறகு எங்கள் ஆண்டுவிழா நாடகங்களில் மனைவி, தாய், தோழி ஒருவரும் மேடைக்கு வந்ததில்லை. கதாநாயகன் பக்கத்துத் திரையைப் பார்த்து, உள்ளே இருப்பதாகக் கருதப்பட்ட மனைவியோடு பேசிவிட்டுப் போருக்குப் போவான். ஒருமுறை ஒரு பையன் மேடையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு அழுதான் என்பதற்காக அவனை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அந்தப் பையன்தான் நடேசன்.

காட்பாடியிலிருந்து வேலூருக்கு ஜட்காவில் சென்றேன். பாலாற்றைக் கடந்தோம்; வண்டிக்காரர் சொன்னதால்தான் அது ஆறு என்று தெரிந்தது. மணல் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் காவிரியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். “தண்ணி இருந்தா மட்டும் ஆறா சாமி? இது உள்ளாற ஓடுது” என்று அவர் முடித்துவிட்டார். காபி கிளப்பில் கிடைத்த காபியும் அவ்விதமே உள்ளுக்குள் எங்கோ ஓடியிருக்க வேண்டும். மேலே சுடுநீர்தான் தெரிந்தது. ஆனால் ஆற்காட்டு மக்கன் பேடா என்று ஒன்று கொடுத்தார்கள். அதைத் தின்ற பின் வேலூரைப் பற்றிக் கடுமையாக எழுதுவதற்கு மனம் வரவில்லை.

நாயுடுவின் ஸ்டுடியோ கோட்டை அகழிக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. இப்போது நடத்துபவர் அந்த நாயுடுவின் மகன். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. நான் போனபோது தோல் கிடங்கு மேஸ்திரி ஒருவர் தம் மூன்று வயது மகனைக் கலெக்டராக ஆக்கிக்கொண்டிருந்தார். கோட்டும் தொப்பியும் ஸ்டுடியோவின் தகரப் பெட்டியிலிருந்து வந்தவை. அந்தப் பெட்டியில் அட்டைக் கிரீடம், மயிலிறகு, புல்லாங்குழல், சிப்பாயின் சிவப்புக் கோட்டு, ஈயத்தாள் ஒட்டிய மரக்கத்தி, சவுரி முடி எல்லாம் ஒற்றுமையாகக் கிடந்தன. தொப்பி பையனின் மோவாய் வரை இறங்கிவிட்டது.

“தொப்பி நல்லாத்தான் கீது. உள்ள போட்ட புள்ள எங்கய்யா?” என்று மேஸ்திரி கேட்டார்.

“கலெக்டருங்க மூஞ்சிய யாரு பாத்தா? தொப்பிதான் முக்கியம்” என்றார் நாயுடு.

கலெக்டர் அழத் தொடங்கினார். புல்லாங்குழல் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள். அவர் அதைக் கடித்துக்கொண்டிருந்த நிலையிலேயே படம் எடுக்கப்பட்டது. ஆட்சி முறையை அதைவிடச் சரியாகப் படமெடுத்துவிட முடியாது.

எனக்கு அந்தப் பெட்டியும் அருவி எழுதிய திரையும் நினைவுக்கு வந்தன. கழுத்துக்குப் பின்னால், தலை அசையாதிருக்க, இரும்புக் கவை ஒன்றைப் பொருத்தினார்கள். பூச்சடை பின்னால் இருப்பதால் வீணாகிவிடுமே என்று, ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து நிறுத்தினார்கள். முகமும் சடையும் ஒரே படத்தில் விழும். ஆக, ஒரு அவமானம் போதாதென்று இரண்டாக எடுத்தார்கள்.

மலர்க் குழுவிலிருந்து வருவதாக நாயுடுவிடம் கூறினேன். அது முழுப் பொய்யன்று.

“அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடெல்லாம் கழுவி ஜன்னலுக்குப் போட்டுட்டோங்க. அதோ பாருங்க” என்றார். அங்கிருந்த ஜன்னல் முழுவதும் சிறுசிறு கண்ணாடிகள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் சிலவற்றில் ஒரு தலைப்பாகையும், ஒரு நாற்காலியின் காலும் நிழலாகத் தெரிந்தன. நான் ஒவ்வொரு சட்டமாக என்னைத் தேடினேன். இல்லை. என் உள்ளம் குளிர்ந்தது.

“ஆனா அந்தப் படம் மட்டும் காயிதத்துல ஒண்ணு வெளிய கீது. ஆம்பூர்ல. அத வெச்சு கும்புட்றாங்க” என்றார் நாயுடு.

பிறகு அவர் சொன்ன கதை இது. அதே பருவத்தில் ஆம்பூரிலிருந்து, தோல் பதனிட ஆவாரம் பட்டை விற்கும் வியாபாரி ஒருவர், தம் ஆறு வயது மகளை ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தார். அவளுக்குப் பூச்சடை தைத்துப் படமெடுக்க ஏற்பாடு. பெண்ணோ தகரப் பெட்டியைப் பார்த்துவிட்டு, சிப்பாய்க் கோட்டும் மரக்கத்தியும்தான் வேண்டும் என்று தரையில் புரண்டாள். தகப்பனார் செல்லம் கொடுத்தார். கரியால் மீசையும் எழுதிவிட்டு எடுத்தார்கள். ஒரு மாதத்தில் அந்தப் பெண் காய்ச்சலில் இறந்துபோனாள்.

அப்பக்கத்தில், கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று குடும்பத் தெய்வமாக வைத்து, ஒவ்வொரு கல்யாணத்துக்கு முன்னும் புதுத்துணியும் பூவும் படைத்துக் கும்பிடுவார்கள். தாய் வந்து படத்தைக் கேட்டாள்.

“எங்கப்பா மீசை வெச்ச படத்த எடுத்துக் குடுத்தாரு. அந்தம்மா அலறிடுச்சு. ‘இந்த மூஞ்சிக்கு நான் எப்டி மஞ்சளும் பூவும் வெப்பேன்’னு. பக்கத்துல தாலுக்கா குமாஸ்தா புள்ள படம் யாரும் வாங்காம கெடந்துச்சு. பூவும் சடையுமா. அத எடுத்துக் குடுத்துட்டாரு. அந்தம்மா பாத்துது, கண்ணுல ஒத்தினு போய்டுச்சு.”

“தன் பெண் இல்லையென்று அந்த அம்மாளுக்குத் தெரியாதா?”

“பெத்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் எடுத்துனு போச்சு. வீட்ல யாருக்கும் சொல்லல போல. இப்ப அந்தம்மாவும் இல்ல.” பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழுப்பேறிய அட்டையை எடுத்தார். அதில் சிப்பாய்க் கோட்டணிந்த ஒரு பெண், கத்தியை உருவி நின்றாள். “வேணும்னா எடுத்துனு போங்க. உங்க காரியதரிசிக்குத்தான் முந்தாநாளே பதில் போட்டுட்டனே, ஆம்பூர் பட்டை மண்டி கன்னியப்பன் வீட்ல கேளுங்கன்னு.”

“அந்தக் குமாஸ்தாவின் மகன் எனக்குத் தெரிந்தவர்” என்றேன்.

நாயுடு என் இடது புருவத்தின் நடுவே சிறு வயதிலிருந்தே உள்ள வெட்டைச் சற்று நேரம் பார்த்தார். “தெரிஞ்சவர்னா சரி” என்றார்.

மறுநாள் காலை மோட்டார் பஸ்ஸில் புறப்பட்டேன். என் திட்டம் தெளிவாக இருந்தது. அவர்கள் பெண்ணை அவர்களிடம் சேர்ப்பது. என்னை நான் எடுத்துக்கொள்வது. நடேசன் வருமுன் திரும்புவது. பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும் நின்றது. டிரைவர் இறங்கிப் போய் ஒரு மரத்தடியில் படுத்தார். பழுது பார்க்கிறாரா என்று கண்டக்டரைக் கேட்டேன். “சூடு ஆறணும் சாமி” என்றார். இன்ஜினுக்கா, டிரைவருக்கா என்பது விளங்கவில்லை.

பட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வந்தது. கன்னியப்பன் மண்டிக்கே போகிறது என்று தெரிந்ததும், ஆவாரம் பட்டைக் கட்டுகளின் மேல் ஏறி அமர்ந்தேன். வழியெல்லாம் தோல் கிடங்குகள். காயப் போட்ட தோல்களிலிருந்து வந்த வாடை என் கைக்குட்டையைத் துளைத்தது.

“மூணு நாள் இருந்தா தெரியாது சாமி. அப்பறம் ஊருக்குப் போனீங்கன்னா அங்கதான் இன்னாடா ஒண்ணும் வாசனையே இல்லியேன்னு பேஜாரா பூடும்” என்று வண்டிக்காரர் ஆறுதல் கூறினார். மண்டிக்காரரின் கடைசி மகளுக்கு மறுநாள் முகூர்த்தம் என்றும், அன்று மாலை பூவாடைக்காரி படையல் என்றும் அவரிடமிருந்தே அறிந்தேன். “ரொம்ப சக்தி உள்ள சாமி. எனக்கே மாடு காணாமப் போனப்போ கெடச்சுது” என்றார். அந்த மாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை.

பட்டைத் தூளோடு கன்னியப்பன் வீட்டு வாசலில் இறங்கினேன். அவர் வெளியே வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். பருத்த உடம்பு, உரத்த குரல். என்னைப் பார்த்ததும் குரல் தணிந்துவிட்டது.

“உங்கள எங்கயோ பாத்திருக்கேனே. காட்பாடில ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தீங்களா?”

“இல்லை.”

“கோர்ட்ல?”

“இல்லை.”

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்தவர், செம்பை நீட்டாமல் என் முகத்தையே பார்த்தார். “தெரிஞ்ச மொகமா கீதுங்களே” என்று சொல்லி, காரணமின்றி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்திருந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஊரில் இத்தனை பேருக்குப் பழக்கப்பட்ட முகமாக இருப்பது எவ்வளவு சங்கடமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பூவாடைக்காரியைப் பார்க்க வந்ததாகச் சொல்லி உள்ளே போனேன். உள் அறையில் என்னைக் கண்டேன். மாலை, மஞ்சள், சாம்பிராணிப் புகை. சட்டத்தின் இரு பக்கமும் கண்ணாடி வளையல்கள் தொங்கின. நெற்றிக்கு வைத்த குங்குமம் மூக்கு வரை பரவியிருந்தது. கண்ணாடியில் தெரிந்த சடைக்கும் தனியாக ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். அதன் முன் கல்யாணப் பெண் மண்டியிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது.

“அத்த, மாமியாருக்கு வாய் கம்மியா இருக்கணும். அவரு ராவுல கொறட்ட விடக்கூடாது. மத்தத நான் பாத்துக்கறேன்.”

நான் ஓசைப்படாமல் வெளியே வந்துவிட்டேன்.

கன்னியப்பனைத் தனியே பேசவேண்டும் என்று பட்டைக் கிடங்குக்கு அழைத்துப் போனேன். ஹெட்மாஸ்டராக இருந்தபோது ஆயிரம் குற்றவாளிகளைத் தனியே அழைத்துப் பேசியிருக்கிறேன். குற்றவாளியாக நானே அழைத்தது அதுவே முதல் தடவை. அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

“இது யாரு, மீச வெச்ச பொட்டப்புள்ள?”

“உங்கள் அக்காள்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாயுடு சொன்னதை அப்படியே சொன்னேன். அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அக்காள் இறந்தபோது அவருக்கு இரண்டு வயது. “எங்கம்மா மூக்கு” என்றார் மெதுவாக. “எனக்கும் இதான்.” தம் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பினார்.

“அப்ப உள்ள கீறது யாரு?”

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். ஐம்பத்தைந்து வருஷமாக அந்தப் புருவத்தின் வெட்டைப் பார்த்துக் கும்பிட்டவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒரு பட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“கல்யாணம் கட்டாம செத்துப்போன எங்க அக்கா, கல்யாணம் கட்டி, புள்ள பெத்து, பென்ஷன் வாங்கினு, எதுர்ல வந்து நிக்குது” என்றார்.

“ஆகையால் அந்தப் படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு...”

“இருங்க சாமி. நீங்க உயிரோட கீறது வேற யாருக்குத் தெரியும்?”

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் மனைவி மக்களுக்கும் கும்பகோணம் நகரத்தாருக்கும் தெரியும் என்று சொன்னேன்.

“ஆம்பூர்ல?”

“உங்களுக்கு மட்டும்.”

“அப்டியே இருக்கட்டும்” என்று என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். “சாய்ங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. உயிரோட கீற மனுஷனுக்கு, அதுவும் ஆம்பளைக்கு, மாலையும் மஞ்சளும் போட்டு வெச்சிருக்கோம்னு தெரிஞ்சா அபசகுனம்னு எழுந்து போய்டுவாங்க. எம் பொண்ணு கல்யாணம் நிக்கும். உங்க கால்ல விழறேன், வெளிய சொல்லாதீங்க.”

ரகசியத்தைக் காக்கும்படி கெஞ்சுவதற்காகவே ஆயத்தம் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள் என்னிடம் ஏழெட்டு இருந்தன. அவை அனைத்தையும் அவர் எடுத்துக்கொண்டார்.

“படத்தை மட்டுமாவது மாற்றிவிடலாமே” என்றேன்.

“தெருவே அந்த மொகத்துக்குத்தான் வேண்டினு போவுது. இன்னிக்கு வந்து மீசையப் பாத்தா இன்னா சொல்லுவாங்க?”

நடேசனின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். “எவன் எழுதினாலும், எவன் வந்தாலும், அது எங்க அக்காதான். நாயுடுக்கு புத்தி கலங்கிப் போச்சுன்னு சொல்லிடறேன். அத சுவத்துல இருந்து எறக்க ஒருத்தனையும் உடமாட்டேன்” என்றார். நான் நாடி வந்த பாதுகாப்பு இதைவிடப் பலமாக எங்கும் கிடைத்திராது. நான் இறந்துபோன பெண்ணாக இருக்கும் வரையில் என் கௌரவத்துக்கு ஒரு குறைவும் வராது.

கல்யாணப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, சட்டத்தின் பின் ஆணிகளைக் கன்னியப்பனே பிடுங்கினார். சிப்பாய்ப் படத்தைக் கண்ணில் ஒற்றி, என் படத்துக்குப் பின்னால் வைத்து மூடினார். “நீ உள்ள இரு. வெளி வேலைய அவரு பாத்துக்கட்டும்” என்று அதனிடம் சொன்னார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மாலையில் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் என்னை ஏற இறங்கப் பார்த்து, “இவுரு யாரு?” என்றார்.

“அக்கா வழியில ரொம்ப நெருங்கின சொந்தம்” என்றார் கன்னியப்பன்.

“அப்ப இவுருதான மொதல்ல கும்புடணும்” என்று சம்பந்தி முறையை எடுத்துரைத்தார். எல்லாரும் வழிவிட்டார்கள். நான் வாழ்நாளில் மனிதர் எவர் காலிலும் விழாதவன். பள்ளி இன்ஸ்பெக்டருக்குக்கூடத் தலையை மட்டுமே அசைத்திருக்கிறேன். அன்று ஆம்பூரில், சர்க்கரைப் பொங்கல் மணக்க, என் எதிரில் நானே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். நெற்றி தரையில் பட்டபோது, என் படத்துக்குப் பின்னால் கத்தியோடு நிற்பவளை நினைத்துக்கொண்டேன். எழுவதற்கு இருவர் கை கொடுத்தார்கள்.

மறுநாள் முகூர்த்தம் சிறப்பாக நடந்தது. கத்திரிக்காய்க் குழம்பு எங்கள் ஊரில் வைப்பதைவிட நன்றாக இருந்தது என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மாமியாரின் வாயைக் கவனித்தேன், கம்மியாகவே இருந்தது. இரண்டாவது விண்ணப்பத்தின் கதி எனக்குத் தெரிய வழியில்லை.

கன்னியப்பன் ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பினார். ஒரு துணிப்பையை என் மடியில் வைத்தார். உள்ளே படையலில் வைத்த சிவப்புப் பட்டுப் பாவாடையும், ஒரு டஜன் கண்ணாடி வளையலும், வாடிய பூச்சரமும் இருந்தன. “படைச்சத வருஷா வருஷம் வீட்டுப் பொண்ணுங்க யாருக்காச்சும் குடுப்போம். இந்த வாட்டி அக்காவே வந்துடுச்சு. வேற யாருக்குக் குடுக்கிறது?” என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

வண்டி புறப்பட்டது. பலகையில் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்த தோல் கம்பெனிக் குமாஸ்தா ஒருவர், பையின் வாயில் தெரிந்த சரிகையைப் பார்த்தார். “பேத்திக்கு வாங்கினதுங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார்.

“இல்லை. எனக்குத்தான்” என்றேன்.

அவர் எழுந்து அடுத்த பலகைக்குப் போய்விட்டார். காட்பாடி வரை காலை நீட்டிக்கொண்டு வந்தேன்.